சாமி மலையேறிருச்சு



வீரம்மாள் என் நாத்தனார். பூம்பாறையில் பூண்டு வயலில் குனிந்து குனிந்தே முழங்கால் போனவள். பஜாரில் ஒரு மருந்துக்கடைக்காரன் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தான். வலி பறந்துவிட்டது. வருடக்கணக்காக அதையே விழுங்கினாள். முகம் உப்பி உருண்டையாகிவிட்டது. அதைப் பார்த்து, "புருசன் நல்லா வச்சிருக்கான்" என்றது ஊர். தூ.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டாள். மாலை போட்ட அன்றே அவள் புருசன் திருமலைச்சாமி, "விரதத்துல மாத்திரை கீத்திரை ஆகாது. முருகன் பாத்துக்குவான்" என்றார். நிறுத்திவிட்டாள்.

சிறுநீரகத்தின் மேல் சின்னதாக இரண்டு சுரப்பிகள் இருக்கின்றனவாம். குளிர், பட்டினி, காய்ச்சல், நடை என்று உடம்பு வதைபடும்போது அவை கார்ட்டிசாலைக் கூடுதலாகச் சுரந்து, ரத்த அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளும். அந்த வெள்ளை மாத்திரையும் அதே சரக்குதான். வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் இவளுடைய சுரப்பிகள் வேலையை விட்டுத் தூங்கிப்போயின. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியபோதும் அவை விழிக்கவில்லை. பழனி ஆஸ்பத்திரியில் டாக்டர் பிறகு சொன்னது இது.

வடகவுஞ்சி இறக்கத்தில் வாந்தி எடுத்தாளாம்; நான் வெகுதூரம் பின்தங்கி நடந்துகொண்டிருந்தேன், இதெல்லாம் பிறகு கேட்டது. "விரத வயிறு, அப்படித்தான்" என்றார்கள். கொஞ்ச தூரம் போனதும் உடம்பு வெடவெடவென்று நடுங்க, கண் சொருகி, ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ குலவையிட்டார்கள். சாமி வந்துவிட்டதாம். அந்தக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையில் குடத்தோடு ஊற்றினார்கள். காலில் விழுந்து குறி கேட்டார்கள். கட்டின புருசனும் கைகூப்பி நின்று, "சாமி, இந்த வருசம் பூண்டு வெலை ஏறுமா?" என்றார்.

"முடியல, நான் போறேன்" என்று முனகிக்கொண்டே சரிந்தாள்.

"சாமி மலையேறிருச்சு. செத்த நேரம் கெடக்கட்டும், தொடாதீங்க" என்றார் ஒருவர்.

பின்னால் நடந்து வந்த நான் அப்போதுதான் வந்து சேர்ந்தேன். கூட்டத்தை விலக்கித் தொட்டுப் பார்த்தேன். கை சில்லிட்டிருந்தது, நாடி அகப்படவில்லை. தடுத்தவர் கையைத் தட்டிவிட்டு, வந்த ஜீப்பை மறித்து அவளை ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் அதே மருந்து ஊசியாக ஏறியபின் பிழைத்தாள். சாமி வந்த உடம்பு என்று எலுமிச்சம்பழத்தோடு வார்டு வாசலில் நின்ற சொந்தக்காரர்களை வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டினேன்.

கண் திறந்தவளிடம், "அங்க நடந்தது ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எல்லாம் கேட்டுச்சு மதினி. வெலை கேட்டாக, மகளுக்கு வரன் கேட்டாக. உனக்கு என்ன செய்யுதுன்னு ஒருத்தரும் கேக்கல."