விடாத கொக்கி

நானும் ஏற்காட்டுத் தலைச்சோலை ஊர்க்காரர் செல்வமும் மணாலியில் முதன்முறையாகப் பனிச்சறுக்குப் பலகை வாடகைக்குக் கேட்டோம். விழுந்தால் பூட்ஸைத் தானே விட்டுவிடும் கொக்கி வைத்தது, விடாத கொக்கி வைத்தது என்று கடைக்காரர் இரண்டு வகை காட்டினார்.

"ஏனுங்க, விடறதே போதுமுங்க," என்றார் செல்வம்.

"மரமேறி மிளகு பறிக்கற ஆளுக்குக் கழண்டுக்கற கட்டையா? ஏற்காடே சிரிக்குமுங்க," என்றேன்.

முகம் சுருங்கி, விடாததை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

முதல் சரிவிலேயே விழுந்தார். பலகையோடு காலும் திருகிக்கொண்டது. நான் எடுத்த வீடியோவில் எலும்பு முறியும் சத்தத்துக்கு மேல் என் சிரிப்பு கேட்கிறது.

இப்போது அவர் மனைவி மரமேறுகிறார். செல்வம் கீழே ஏணியைப் பிடிக்கிறார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கட்டதானுங்க. எனக்குத்தான் நேரஞ் செரியில்லீங்க," என்பார்.

அன்று அவர் வெளியே போனதும், விடும் கொக்கியை நான் கேட்டு வாங்கினேன். அதை இன்னும் சொல்லவில்லை.