சிலுவையில் நனைந்த துணி

பழைய வேட்டியில் கிழித்து ஓரம் தைத்த வெள்ளைத் துணி அது. பெரிய வெள்ளிக்கு மறுநாள் காலையில், யாரும் எழும் முன்பே சித்தி அதைச் சோப்பு போட்டுக் கசக்கி, கொல்லைப்புறக் கொடியில் தன் உள்பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்தாள். சித்தப்பா பல் விளக்கிக்கொண்டே போய் அதை உருவினார். உதறினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, தெருவைப் பார்த்த வாசல் கொடியில் விரித்துப் போட்டுக் கிளிப்பும் மாட்டினார். சித்தி கதவுக்குப் பின்னால் நின்றபடி, "இன்னாங்க இது, தெருவே பாக்குது, மானத்த வாங்காதீங்க" என்று கெஞ்சினாள். "வெயிலு இங்கதான கீது" என்றார் அவர். நான் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் ஊர் நாடகத்தில் இயேசுவாக நடித்தபோது அந்தத் துணியைத்தான் இடுப்பில் கட்டியிருந்தார். சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஊரே பார்த்திருக்க, அதிலேயே அவருக்குச் சிறுநீர் போய்விட்டது.

எங்கள் ஊர் கல்வராயன் மலையின் காலடியில் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் பஸ் எங்கள் கோயிலைத் தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு மலையேறத் தொடங்கும். பெரிய வெள்ளியன்று ஊர் மொத்தமும் சேர்ந்து பாடுகளின் நாடகம் போடும். அதில் இயேசு வேஷம் கட்டுகிறவருக்கு வேஷம் ஒரு நாள்தான், நோன்பு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுவதும். சாம்பல் புதனிலிருந்து கறி கிடையாது, பீடி கிடையாது, வீட்டில் படுக்கக் கூடாது, கோயில் தாழ்வாரத்தில் பாய் போட்டுக்கொள்ள வேண்டும், வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வரக் கூடாது. பாவமில்லாதவரின் வேஷம் அல்லவா. சித்தப்பா மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் இறக்கும் லாரி டிரைவர். கொண்டை ஊசி வளைவில் கெட்ட வார்த்தை பேசாமல் லாரி ஓட்டுவது என்ன கஷ்டம் என்று அவரைக் கேட்க வேண்டும். "எதிர்ல வர்றவன் ஒதுங்காம வந்தான்னா, ஆண்டவரே, இவன நீரே பாத்துக்கும்னு சொல்லிக்கினு ஸ்டேரிங்க ஒடிப்பேன் பாப்பா. அதுவே அவனுக்கு சாபம் மாரி இருக்கும்" என்பார். பெரிய வெள்ளி வந்துவிட்டால் அதே ஆளின் காலில் பெண்கள் விழுவார்கள். கைக்குழந்தையைக் கொண்டுவந்து தலையில் கை வைக்கச் சொல்வார்கள். முந்தின வாரம் கிழங்கு வாடகைக்கு அவரோடு சண்டை போட்டவர்கூட அன்று "சாமி" என்றுதான் கூப்பிடுவார்.

நான் அப்போது கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தேன். எதையும் சும்மா விட மாட்டேன். மறைக்கல்விப் போட்டிகளில் பரிசு வாங்கிய வாய். இயேசு முழுக் கடவுள், முழு மனிதர், பாவம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த வருஷம் நாடகத்தின் பேச்சை எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒத்திகையில் சித்தப்பா சிலுவையைச் சுமந்து மூச்சு இரைத்து உட்கார்ந்ததும் நாடகக் கமிட்டித் தலைவர் கையைத் தட்டி நிறுத்தினார். "கடவுளுக்கு இன்னாயா மூச்சு வாங்குது? உடம்புத் தொல்லையெல்லாம் பாவத்தால வந்தது. பாவமே இல்லாதவருக்கு அதெல்லாம் ஏது?" என்றார். நான் விடவில்லை. அவர் களைத்துக் கிணற்றடியில் உட்காரவில்லையா, பசித்து அத்திமரத்தில் காய் தேடவில்லையா, நண்பன் செத்ததற்கு அழவில்லையா என்று அடுக்கினேன். கோயில் பாதிரியாரான பங்குசாமியும் சிரித்துக்கொண்டே என் பக்கம் நின்றார். ஜெயித்த தெம்பில், சிலுவைக் காட்சிக்கென்று இதைப் பற்றியே நீளமாக ஒரு விளக்கவுரை எழுதி, மைக்கில் நானே வாசிப்பதாகவும் ஏற்பாடு செய்துகொண்டேன்.

பெரிய வெள்ளி மதியம் வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. சிலுவையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா கடைத்தெரு வழியாக வந்தார். மலையிலிருந்து சாமை, கடுக்காய் விற்க இறங்கியிருந்த சனங்களும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபடி வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு இது யார் கதை என்று தெரியாது. ஒரு மலையம்மா மட்டும் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "ஐயோ, நம்ம கெழங்கு லாரிக்காரரு! இந்தாளப் போயி ஏண்டா இப்டி அடிக்கிறீங்க?" என்று சேவகர் வேஷக்காரனின் சாட்டையைப் பிடுங்கி வீசினாள். கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்த தூக்குவாளியைத் திறந்து மோரை நீட்டினாள். நோன்பு நாள், வாங்கக் கூடாது. சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். தூக்குவாளியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அப்புறம் அவள் சோடா வாங்கிக் கொடுத்தாள். அதையும் குடித்தார்.

சிலுவையில் அவரைக் கயிற்றால் கட்டி நிமிர்த்தியதும் நான் மைக்கைப் பிடித்தேன். கோயில் படியில் நின்றிருந்த எனக்கு அவருடைய பக்கவாட்டு முகம்தான் தெரிந்தது. முழு மனிதரானார் என்றால் என்ன பொருள் என்று தொடங்கி, தாகம் பட்டார், வேர்த்தார், நடுங்கினார் என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக்கொண்டே போனேன். அதே நேரத்தில் மேலே அவர் கீழே நின்ற சேவகனிடம், "டேய், பாப்பாவ சீக்கிரம் முடிக்கச் சொல்றா, தாங்கல" என்று பல்லுக்கிடையே சொல்லிக்கொண்டிருந்தாராம். பாடு தாங்காமல் வசனத்தை மாற்றிப் பேசுகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டானாம். நான் இன்னொரு பக்கத்தைத் திருப்பினேன். காலில் பூசியிருந்த சிவப்புச் சாயத்தைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் இறங்கியது. முன்வரிசையில் ஒரு கிழவி, வேதத்தில் சொன்னபடியே விலாவிலிருந்து இரத்தமும் தண்ணீரும் வந்துவிட்டது என்று மண்ணில் முழங்கால் போட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் முழங்கால் போட்டார்கள். என் விளக்கவுரைக்குத்தான் இப்படி உருகுகிறார்கள் என்று எனக்குப் பெருமிதம். பிறகு சேவகன் மேலே பார்த்தான், விஷயம் புரிந்து வாயைப் பொத்தினான், பொத்திய வாயிலிருந்து சிரிப்பு வெடித்தது. அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருந்த என் கல்லூரித் தோழிகள் வரைக்கும் போனது. என் வாய் மட்டும் அடுத்த வரியை வாசித்துவிட்டது. அவர் வெட்கப்பட்டார் என்பது அந்த வரி.

ஈஸ்டர் முடிவதற்குள் கமிட்டி கூடியது. சிலுவை தீட்டுப்பட்டுவிட்டது, அடுத்த ஞாயிறு பூசையில் சித்தப்பா எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று பாவமன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டால் அடுத்த வருஷமும் வேஷம் அவருக்கே, இல்லாவிட்டால் ஆயுசுக்கும் இல்லை என்றார் தலைவர். சித்தப்பாவுக்கு அந்த வேஷம் என்னவாக இருந்தது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். குடியை விட்டது அதற்காகத்தான். தவக்காலம் முடிந்தும் வாயை அடக்கப் பழகியதும் அதனால்தான். சித்தி அழுதாள். "ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடுங்க, வாய்தான, வலிக்கவா போவுது." அவர் என்னைக் கூட்டிக்கொண்டு பங்குசாமியிடம் போனார்.

"அமைதிக்காகச் சொல்லிடுங்களேன்" என்றார் பங்குசாமியும்.

"சொல்றேங்க சாமி. அது பாவமா இல்லியா, அத மட்டும் நீங்க சொல்லிடுங்க."

"பாவமில்லப்பா. உடம்பு."

"அப்ப அவருக்கும் வந்திருக்கும்ல?"

பங்குசாமி மேசை மேலிருந்த கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "வந்திருக்கும்" என்றார் மெதுவாக.

"அப்ப இதுக்கு நான் மன்னிப்பு கேட்டா, அவரும் கேக்க வேண்டியவருன்னு ஆயிடாதுங்களா? பாவமே இல்லாதவருன்னு அப்புறம் எப்டி சொல்றது?" கிண்டலாகக் கேட்கவில்லை. சீக்கிரம் பதில் கிடைத்தால் நிம்மதியாக லாரி எடுக்கலாம் என்கிற முகம். பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான பாப்பா மைக்ல சொன்ன?" என்றார். அவ்வளவு பேசும் நான் அன்று தரையில் இருந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் எழுந்தார். கோயிலே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. "சனங்க சிரிச்சிட்டாங்க, பூசைக்கு வந்த மாரி வந்தவங்க மனசு கலஞ்சிபோச்சு, அதுக்கு எனக்கும் வருத்தம்தான். பாவம்னு சொல்ல மாட்டேன். சொன்னா அது பொய்யி. பொய்யிதான் பாவம்" என்று சொல்லி உட்கார்ந்தார். பின்வரிசையில் யாரோ "சொர்ர்" என்று வாயால் சத்தம் போட்டார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நான் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துவிட்டேன். வேஷம் போய்விட்டது. அடுத்த வருஷம் வேறொருவர் கட்டினார். சித்தப்பா கூட்டத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வசனத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். சிலுவையைத் தூக்குவதற்கு முன்னால் தலைவர் புது இயேசுவின் தோளைத் தட்டி, "ஏறதுக்கு முன்னாடி போய்ட்டு வந்துடுப்பா" என்று சொன்னது திறந்திருந்த மைக்கில் ஊருக்கே கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பா மட்டும் சிரித்தார்.

இப்போது அவர் கட்டிலில் இருக்கிறார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறுகிறது. சிறுநீர் வருவது அவருக்கே தெரிவதில்லை. சித்தி விடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறாள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டோடு இருப்பவள் நான்தான் என்பதால், காலையில் துணி மாற்றுவதும் அலசுவதும் என் வேலை. முழு மனிதர் என்பதைப் பற்றி நான் எழுதியதில் வேர்வை இருந்தது, கண்ணீர் இருந்தது. இந்த வாடை இருக்கவில்லை.

இன்று காலையும் அலசினேன். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கால் தானாகக் கொல்லைப்புறம் போனது. என் சுடிதாருக்கு அடியில் முதல் துணியை மறைத்துப் போட்ட பிறகுதான் என் கையையே நான் கவனித்தேன். உள்ளே வந்தபோது சித்தப்பா கண்ணைச் சுழற்றிச் சன்னல் வழியாகக் காலியாகக் கிடந்த வாசல் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயிலிருந்து "வெயிலு" என்று ஒரு சொல் வந்தது.

திரும்பிப் போய் எடுத்து வந்தேன். தெருவில் பால்காரர் நின்றிருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். துணிகளை உதறி ஒவ்வொன்றாக விரித்தேன். வெட்கம் போய்விட்டது என்று எழுதினால், அவர் கணக்கில் அதுதான் பாவம். கிளிப்புகளை எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் மாட்டினேன்.