ஹல்பேரா வீட்டுச் சூரியக் காபி

எங்கள் ஊரில் நவம்பர் பாதியில் மலைக்குப் பின்னால் போகிற சூரியன் ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும். அதுவும் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைக்காது. நிழல் வீடு வீடாகத்தான் விலகும். பாதிரியார் வீட்டுக்கு ஜனவரி இருபத்தைந்து, எனக்கு முப்பத்தொன்று, ஊர்க்கோடியில் படகுத்துறைக்குப் பின்னால் இருக்கும் ஹல்பேரா வீட்டுக்கு பிப்ரவரி ஒன்பது. எந்த வீட்டுச் சமையலறைச் சுவரில் முதல் வெயில் விழுகிறதோ, அன்று அந்த வீட்டில் சூரியக் காபி. சீனி தூவிச் சுருட்டிய மெல்லிய பான்கேக்கும் உண்டு. யாரையும் அழைக்கக் கூடாது, அழைப்பது சூரியனின் வேலை. ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால் ஊர் தானாக வந்து கதவைத் தட்டும். மேகம் மறைத்தால் மறுநாள். தலைநகர் ரெய்க்யவீக்கில் இருக்கும் என் மைத்துனிக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுப் போகட்டும், அவள் ஜன்னலுக்கு எதிரே மலை இல்லை.

ஹல்பேரா முப்பத்து நாலு வருஷம் மீன் ஆலையில் காட் மீனுக்கு முள் எடுத்தவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டில் என்ற அண்ணன் கூட இருந்தான். அவன் செத்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்றால் வானொலிதான். கலகலப்பாகப் பேசத் தெரியாதவள், நாங்களும் பேச்சுக் கொடுத்ததில்லை. ஊருக்குத் தபால் போடுகிற நானே அவள் வாசல் பெட்டியில் கடிதத்தைத் தள்ளிவிட்டு நிற்காமல் போகிறவள்தான். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அவள் வீடு நிறைந்துவிடும். அவளுடையதுதான் கடைசி வீடு, அத்தோடு பண்டிகை முடிந்தது என்பதால் ஒருவர் விடாமல் வருவார்கள். அவளிடம் இருந்த பதினோரு கோப்பையும் போதாமல் சிலர் ஜாடியில் குடிப்பார்கள். ஹல்பேரா கல்லடுப்பு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பான்கேக்கைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். அந்த முகத்துக்குள் எவ்வளவு சந்தோஷம் இருந்தது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ஆறு வருஷத்துக்கு முன் மீன் ஆலைக்காரர்கள் படகுத்துறையில் குளிர்கிடங்கு கட்ட இடம் கேட்டார்கள். ஊர்க்கூட்டம் கூடியது. ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது, என் மகனுக்கு வேலை கிடைக்கும் என்று நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன். ஹல்பேரா கூட்டத்துக்கு வந்திருந்தாளா என்பதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இரண்டு வருஷத்தில் கிடங்கு எழும்பியது. உயரமான தகரக் கூரை.

அடுத்த பிப்ரவரி ஒன்பது வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பன்னிரண்டரை மணிக்கு நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். சூரியன் மலை இடுக்கில் வந்தது, கிடங்குக் கூரைக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய்விட்டது. ஹல்பேரா ஜன்னல் இருட்டாகவே இருந்தது. வெயில் விழாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று எல்லோரும் திரும்பிவிட்டோம். நானும்தான்.

பத்து நாள் கழித்துக் கடையில் அவளைப் பார்த்தேன். இரண்டு டஜன் முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். கடைக்காரன் பிரின்யாருக்கு நாக்கு சும்மா இருக்காது.

"யாருக்கு ஹல்பேரா இவ்வளவு முட்டை? சூரியன்தான் உங்க வீட்டை மறந்துடுச்சே."

"மறக்கல. கூரைக்குப் பின்னால நிக்குது. ஏறி வந்துடும்."

"அது ஏறி வர்றதுக்குள்ள மார்ச் வந்துடும். அப்போ யாருக்கு வேணும் பான்கேக்?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் முட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அவன் சொன்னதும் பொய்யில்லை. மார்ச் மூன்றாம் தேதிதான் கூரையைத் தாண்டி அவள் வீட்டில் வெயில் விழுந்தது. அதற்குள் ஊரே வெயிலில் கிடந்தது, பான்கேக் சட்டிகள் ஆணியில் ஏறிவிட்டன. யார் வீட்டு ஜன்னலை யார் பார்ப்பார்கள்? அடுத்த இரண்டு வருஷமும் அப்படியே போயிற்று.

போன மார்ச்சில் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து அவளுக்குப் பதிவுத் தபால் வந்தது. கையெழுத்து வாங்காமல் போக முடியாது. கதவைத் தட்டினேன். உடனே திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருப்பாள் போலிருக்கிறது. இஸ்திரி போட்ட ஏப்ரன், சீவி முடிந்த தலை.

"வா வா, ஃப்ரீடா. நீதான் முதல்ல வந்திருக்கே."

நான் உறையை நீட்டினேன். "இதுல ஒரு கையெழுத்து வேணும்."

அந்த முகம் அணைந்ததை நான் பார்த்தேன். பேனாவை வாங்கினாள். அவள் தோளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. சுவரில் ஒரு துண்டு அகலத்துக்கு வெயில். மேஜையில் பதினோரு கோப்பை. துணி மூடிய தட்டு. கேட்காமலே தபால் பையை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

நாலு பான்கேக் தின்றேன். அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். யாரும் வரவில்லை. சுவரில் வெயில் ஒரு கை அளவுக்குச் சுருங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தக் கிடங்குக்கு நானும் கை தூக்கினேன், ஹல்பேரா."

"தெரியும். உனக்குப் பின் வரிசையிலதான் உக்காந்திருந்தேன்."

"வெயில் மறைக்கும்னு உங்களுக்கு அப்போ தெரியாதா?"

"ஏன் தெரியாது? அவங்க சொன்ன உயரத்துக்குக் கழி நட்டு, ஒரு வாரம் அளந்து பாத்துட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தேன்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் என் கோப்பையில் காபி ஊற்றினாள்.

"நானே சொன்னா, காபி குடிக்க வாங்கன்னு உங்களைக் கெஞ்சுற மாதிரி ஆயிடும். உங்கள்ல யாராவது ஒருத்தர், அங்க ஹல்பேரா வீடு இருக்கேன்னு சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். யாருமே சொல்லல. எல்லாரும் கையைத் தூக்கிட்டீங்க. சரி, நான் மட்டும் என்ன தனியான்னு நானும் தூக்கினேன்."