சென்னை டாக்டரிடம் சொல்லாத மாத்திரை

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருடமாகிறது. இந்த ஒன்பது வருடத்தில் அவளைவிட அதிகமாக அந்த நோயைப் பற்றிப் பேசியவன் நான்தான். பேசியதில் முக்கால்வாசி டாக்டர்களைத் திட்டியது.

எங்கள் டாக்டரின் சேம்பர் காளிகாட்டில் ஒரு மருந்துக் கடையின் பின்பக்கம் இருக்கிறது. கொல்கத்தாவில் பாதி டாக்டர்கள் இப்படித்தான். முன்னால் கடை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, அதற்குப் பின்னால் டாக்டர். அவர் எழுதும் சீட்டு பத்தடி நடந்தால் கல்லாவுக்கு வந்துவிடும். இதைப் பார்த்த பிறகும் சந்தேகப்படாதவனுக்கு மூளையில் ஏதோ கோளாறு என்பது என் கட்சி. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்?

பதினொரு மணிக்குச் சேம்பர் என்றால் நாங்கள் ஒன்பது மணிக்கே போய்க் கம்பவுண்டரிடம் பெயர் கொடுப்போம். ஏழாவது நம்பர் கிடைக்கும். டாக்டர் வந்ததும் முதலில் உள்ளே போவது ஒன்றாம் நம்பர் இல்லை. கழுத்தில் டையும் கையில் தோல் பையுமாக நிற்கும் மருந்துக் கம்பெனி ரெப்புகள். அவர்கள் போனதும் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். எங்களிடம் அவர் சிரித்ததே கிடையாது.

எங்கள் முறை வந்தால் நாலு நிமிடம். ரிப்போர்ட்டைப் பார்ப்பார். சோற்றைக் குறைக்கச் சொல்வார். எழுதுவார். ஏன் மாத்திரை கூடியது என்று கேட்டால், "சுகர் கூடியிருக்கே" என்பார், தலையைத் தூக்காமல். பாதம் எரிகிறது என்று அவள் சொன்னால் ஒரு வைட்டமின். போன வருடம் மூன்று மாத்திரை நாலாயிற்று. நாலாவது சின்னது, வெள்ளை நிறம், காலைப் பலகாரத்துக்கு முன்னால் போட வேண்டியது. "இதை மட்டும் விட்டுடாதீங்க மாஷிமா" என்று பெரியம்மா முறை வைத்து அவளைப் பார்த்து இரண்டு தடவை சொன்னார். ஒரு மாத்திரைக்கு இவ்வளவு வக்காலத்து எதற்கு? எனக்குப் பொறி தட்டியது.

நான் ரயில்வேயில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். கடைசிப் பதினைந்து வருடம் விபத்து விசாரணை. யார்டில் ஒரு பெட்டி தடம் இறங்கினால் டிரைவரை ஓர் அறையில், கார்டை இன்னோர் அறையில், பாயிண்ட்ஸ்மேனை வெளியே வேப்பமரத்தடியில் உட்கார வைப்போம். ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழக் கூடாது. மூன்று வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய் தானாக எழுந்து நிற்கும். எத்தனையோ பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதையே டாக்டர்களிடமும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். எங்கள் மேல்வீட்டு வங்காளி அண்ணன், தாதா என்றுதான் கூப்பிடுவேன், அவர் வேறு தூபம் போட்டார். குளிர்காலம் வந்தால் இந்த ஊர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக ரயிலேறி வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியத்துக்குப் போவார்கள். "சொந்த ஊரில் அவ்வளவு நல்ல டாக்டர்களை வைத்துக்கொண்டு காளிகாட்டில் என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். தை மாதம் மகள் வீட்டுக்குச் சென்னை போனபோது அங்கே ஒரு டாக்டரிடம் என் மனைவியை அழைத்துப் போனேன்.

போகும் வழியில் ஆட்டோவிலேயே சொல்லிவிட்டேன்.

"அந்த நாலாவது மாத்திரையைப் பத்தி வாயைத் தொறக்காதே. உனக்கு அது நெஜமாவே வேணும்னா இவங்களும் தானா எழுதுவாங்க. எழுதலேன்னா அது அந்த ஆள் கமிஷனுக்குக் குடுத்தது."

"டாக்டர்கிட்டப் போய் பரீட்சை வெப்பாங்களாங்க?" என்றாள்.

"நீ சும்மா இரு. நான் பேசிக்கறேன்."

சென்னை டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். நிதானமாகக் கேட்டார். "என்னென்ன மாத்திரை எடுத்துக்கறீங்கம்மா?" என்று அவளைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு மூன்று பெயர்களைச் சொன்னேன். என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பழைய சீட்டு இருக்கா சார்?" என்றார் டாக்டர். கொண்டுவரவில்லை என்றேன். அது என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது.

மூன்றையும் தொடரச் சொல்லிவிட்டு ஒன்றைப் புதிதாக எழுதினார். கடையில் வாங்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பு மாத்திரை, வேறு பெயர், வேறு கம்பெனி. காளிகாட்காரர் எழுதிய பெயர் அந்தச் சீட்டில் எங்கேயும் இல்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆளைப் பிடித்துவிட்டேன்! ரயிலில் திரும்பும்போது பக்கத்து இருக்கைக்காரரிடம்கூட இந்தக் கதையைச் சொன்னேன். கொல்கத்தா வந்ததும், வெள்ளை மாத்திரையை நிறுத்து, சிவப்பைப் போடு என்றேன். அவள் தலையாட்டினாள்.

முதல் வாரத்திலேயே கை நடுங்குகிறது என்றாள். பதினொரு மணிக்கெல்லாம் பசி தாங்கவில்லை என்றாள். ரயில் அலுப்பு என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வாரம் ஒரு காலை, லேக் மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்கிவிட்டு வாழையிலைக்காரரிடம் நின்றபோது அவள் திடீரென்று அந்த ஆளிடம் சண்டை பிடித்தாள். இலை கிழிந்திருக்கிறதாம். கிழியவில்லை. முகம் முழுக்க வேர்வை. மாசி மாதத்துக் காலையில், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. என்ன ஆச்சு என்றேன். என்னை யாரோ மாதிரி பார்த்தாள். அப்படியே காப்பிப்பொடிக் கடைப் படியில் சரிந்து உட்கார்ந்தாள்.

எதிரிலிருந்த மிட்டாய்க் கடைக்காரர் ஒரு மண் குவளையில் ரசகுல்லாப் பாகோடு ஓடி வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. "அவளுக்குச் சுகர், கொல்லப் பார்க்கிறாயா?" என்று வங்காளியில் கத்தினேன். சென்னை மாத்திரை வேலை செய்யவில்லை, சர்க்கரை ஏறிவிட்டது, அந்தப் பெண்ணும் மோசடிதான் என்று அந்த நேரத்திலும் என் புத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பாகு பாதி கொட்டிவிட்டது.

பூக்காரப் பெண்மணி ஒருத்தி கூடையைப் போட்டுவிட்டு வந்தாள். "ஷொருன் தாதா, தள்ளிப் போங்க!" என்று என் நெஞ்சில் கை வைத்து ஒதுக்கித் தள்ளினாள். தன் மாமியாருக்கும் இப்படித்தான் வரும் என்றாள். குவளையில் மிச்சமிருந்த பாகை விரலால் தொட்டுத் தொட்டு என் மனைவியின் உதட்டுக்குள் தடவினாள். விழுங்கத் தொடங்கியதும் மீதியைக் குடிக்க வைத்தாள். பத்து நிமிடத்தில் என் மனைவி கண்ணை நன்றாகத் திறந்து, "பை எங்கே?" என்றாள். நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்ஸி பிடித்துக் காளிகாட் சேம்பருக்குப் போனோம். அன்றைக்கு நம்பர் கேட்கவில்லை யாரும். கம்பவுண்டர் விரலில் குத்திப் பார்த்தார். அத்தனை பாகுக்குப் பிறகும் சர்க்கரை கீழேதான் இருந்தது. டாக்டர் ரெப்புகளை வெளியே அனுப்பினார். நான் சென்னைச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் மேஜையில் வைத்தேன். இனி ஒளித்து என்ன? என் மனைவி தன் கைப்பையைத் திறந்து, கர்ச்சீப்பில் சுற்றிய இன்னோர் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். வெள்ளை மாத்திரை. ஏழெட்டுதான் மிச்சமிருந்தது.

டாக்டர் இரண்டு அட்டையையும் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை என்னிடம் காட்டினார். மருந்தின் பெயர் ஒன்றேதான். கம்பெனி வைத்த பெயர்தான் வேறு. சென்னை டாக்டரும் அதையே எழுதியிருக்கிறார். என் மனைவி இரண்டையும் காலையில் பலகாரத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறாள். பதினைந்து வருடம் விசாரணை செய்தவன் அட்டையைத் திருப்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் முன்பக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

"ஒரே மருந்துக்கு எதற்கு இத்தனை பெயர்?" என்றேன். விட மனமில்லை.

"அதைக் கம்பெனிக்காரங்களைக் கேளுங்க" என்றார். பிறகு, "சென்னை டாக்டர்கிட்ட இந்த மாத்திரையைச் சொன்னீங்களா, இல்லையா?" என்று கேட்டார். அவருக்கும் அந்த டாக்டர் மேல் சந்தேகம் போலிருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "நான்தான் சொல்ல மறந்துட்டேன் டாக்டர்பாபு." நல்ல வங்காளியில், தலை குனிந்து சொன்னாள். அவர் அவளைத் திட்டினார். நாலு நிமிடத்துக்கு மேலே திட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

இந்த மருந்து சர்க்கரையை மறுபடியும் இறக்கிவிடும் என்று மாலை வரைக்கும் அவளைக் கம்பவுண்டரின் பெஞ்சிலேயே படுக்க வைத்தார். தன் டிபன் டப்பாவிலிருந்து ரொட்டி கொடுத்தார். அரைமணிக்கு ஒரு தரம் குத்திப் பார்த்தார்கள். அக்கறையா, நாளைக்கு நான் எங்கேயாவது புகார் எழுதிவிடுவேன் என்ற பயமா என்று யோசித்தபடி நான் அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறவிக்குணம் லேசில் போகுமா?

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். "நிறுத்தச் சொன்னேனே, ஏன் போட்டே?"

"டாக்டர் விடாதேன்னார். நீங்க நிறுத்துன்னீங்க. உங்ககிட்டச் சொன்னா சண்டை போடுவீங்க, அதான் சொல்லலை."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். அது எனக்கு இன்னும் வலிக்கிறது. "அவங்க ரெண்டு பேரும் எனக்கு ஒடம்பு சரியாகணும்னுதான் எழுதினாங்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா நீங்க அவங்களைப் பிடிக்கணும்னுதான் போனீங்க. அது எனக்கு நல்லாத் தெரியும்."

இப்போது இளஞ்சிவப்பு மாத்திரை இல்லை, வெள்ளை மட்டும்தான், அதுவும் பாதி. சேம்பருக்கு அவள் தனியாகப் போகிறாள். சீட்டு, ரிப்போர்ட், அட்டை எல்லாம் அவளுடைய பையில். போன வாரம் திரும்பி வந்தபோது டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலை, எல்லாம் நல்லா இருக்குன்னார்" என்று செருப்பைக் கழற்றினாள். பாதத்தைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார், அவள் என்னிடம் மறைக்கிறாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.