வெள்ளை வரிசையில் ஐந்து

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையும் குசினியும் உள்ள வீட்டில், தையல் மெஷினை மிதித்து வளர்த்தேன். அவர்களுடைய அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வேலை இருந்த நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுத்து மெதுவாக வரும். ஆங்கிலத்தில் இலக்கம் மட்டும்தான் தெரியும். ஆனால் அளவு என்று வந்தால் என்னை ஒருவரும் பிழை பிடித்ததில்லை. ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றாலே சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டுதான் இந்த வெட்கக்கேட்டையும் எழுத வந்திருக்கிறேன்.

இப்போது வெள்ளவத்தையில் கடைசி மகன், மருமகள், பேத்தியோடு இருக்கிறேன். நாலாம் மாடி. மருமகள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், நாங்கள் கத்தோலிக்கர். கலியாணத்தில் எங்கள் பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தது ஒரே ஓர் ஆள்தான். அது நான்.

மூத்த மகன் வெளிநாடு போகும்போது தன் கமராவை என்னிடம் விட்டுப் போனான். அதில் ஒரு பழைய லென்ஸ், ஐம்பது. ஐம்பது என்பது அதன் இலக்கம். இலக்கம் பெரிதானால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும், சிறிதானால் அறை முழுக்க அடங்கும். இந்த லென்ஸால் தூரத்தை இழுக்கவும் முடியாது, தானாகத் தெளிவு பிடிக்கவும் தெரியாது. லென்ஸின் கழுத்தில் உள்ள, தூரம் எழுதிய வளையத்தை விரலால் திருப்ப வேண்டும். மற்றவர்களுக்கு அது தொல்லை. எனக்கு அதுதான் பிடித்தது. வெயிலில் கமராத் திரை என் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் எனக்கென்ன? ஆள் ஐந்து அடியில் நின்றால் வளையத்தை ஐந்துக்குக் கொண்டுபோவேன், பத்து அடியில் நின்றால் பத்துக்கு. அடிக்கணக்கு என் கண்ணிலேயே இருக்கிறது. கடற்கரை வீதியில் மாங்காய் விற்கிறவர், ரயிலுக்கு நிற்கிற சனம், கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிற பெண்கள், எல்லாரையும் எடுத்தேன். தெளிவாக வந்தன.

வீட்டுக்குள்தான் ஐம்பது சரிவரவில்லை. ஒரு மேசையைச் சுற்றி நாலு பேர் இருந்தால் இரண்டு பேர்தான் அடங்குவார்கள். நான் முதுகை பல்கனிக் கம்பியில் ஒட்டிக்கொண்டு நிற்பேன்.

"மாமி, இன்னும் பின்னுக்குப் போனா கடலுக்குள்ளதான் விழுவீங்கள்" என்றாள் மருமகள்.

"விழுந்தா விழுறன். படத்தை எடுத்துட்டு விழுறன்."

அடுத்த மாதம் அவள் தன் சம்பளத்தில் எனக்கு ஒரு முப்பத்தைந்து வாங்கி வந்தாள். கோட்டைப் பக்கம் ஒரு கமராக் கடையில் வாங்கியது. தைல டப்பா அளவுதான் இருக்கும். கமராவில் பூட்டினால் கைப்பைக்குள் போய்விடும். வளையத்தில் விரல் வைக்க ஒரு சின்னக் கொழுக்கி இருந்தது. நான் நன்றி சொல்லவில்லை. "பழசு பாரமா இருந்தாலும் பாரத்துல ஒரு நம்பிக்கை இருக்கு" என்றுதான் சொன்னேன். அவள் சிரித்தாள்.

பிறகு மருமகளின் அக்கா லண்டனிலிருந்து வந்தாள், பதினொரு வருடத்துக்குப் பிறகு. சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் ஏலாது. இனி விமானம் ஏறப் போகிறவர் இல்லை. கடைசி நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு முடித்து, தாயை நடுவில் கதிரையில் இருத்தி, மகள்மார் இருவரும் இரண்டு பக்கமும் குனிந்து நின்றார்கள். எல்லாரும் போனை நீட்டினார்கள்.

"போனை எல்லாம் வையுங்க. அதுல எடுத்தா முகத்துல ஒரு சாங்கமும் வராது, களையும் வராது. நான் எடுக்கிறன்" என்றேன்.

"வையுங்கோ, வையுங்கோ. மாமி கோவிச்சா பிறகு படம் இல்லை" என்று மருமகள் சொன்னாள். எல்லாரும் வைத்தார்கள்.

முப்பத்தைந்தை அன்றைக்குத்தான் முதல் தரம் வீட்டுக்குள் பூட்டினேன். சரியாக ஐந்து அடி. வளையத்தை ஐந்துக்குத் திருப்பினேன். இருபது படம் எடுத்தேன். சம்பந்தியம்மா முதலில் விறைப்பாக இருந்தார். பிறகு மூத்தவள் காதுக்குள் எதையோ சொல்ல, பல்லுத் தெரியச் சிரித்தார். சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விடிய மூத்தவள் விமானத்துக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து மகன் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டான். லண்டன் அக்காவும் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று முகமும் புகை. இருபதிலும் புகை. சம்பந்தியம்மாவின் சிரிப்பு நீரில் கரைந்த மாதிரி. பின்னால், சாப்பாட்டு அறைக் குளிர்பெட்டியின் மேல் இருந்த கதலிப்பழச் சீப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. பழங்களை எண்ணலாம்.

நான்தான் முதலில் பேசினேன்.

"லென்ஸ் சரியில்ல. பழைய லென்ஸ்ல எனக்கு ஒரு படம் பிழைச்சதா? உங்க தங்கச்சி மலிவாப் பார்த்து வாங்கிட்டா."

அக்கா விட்டாளா? "நீ எப்பவும் இப்பிடித்தானடி. மலிவு எண்டா காணும், பாய்ஞ்சு விழுவாய். அம்மாட படத்திலயுமா உன்ர கஞ்சத்தனம்?"

மருமகள் என்னைப் பார்த்தாள். தொலைக்காட்சியைப் பார்த்தாள். "சரி அக்கா, நான் கடையில கேக்கிறன்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை லென்ஸைக் கொண்டு போனாள். திரும்பி வந்து, "ஓம் மாமி, லென்ஸ்லதான் பிழையாம். மாத்தித் தர ஏலாதாம். நீங்கள் பழசையே பாவியுங்கோ" என்று சொல்லி அலுமாரிக்குள் வைத்தாள். எனக்கு வென்ற மாதிரி இருந்தது. ஞாயிறு பூசை முடிந்து கொட்டாஞ்சேனைப் பெண்களிடமும் சொன்னேன்: படித்த மருமகள், பெரிய கந்தோரில் வேலை, ஒரு லென்ஸ் பார்த்து வாங்கத் தெரியவில்லை. அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நாலு மாதம் போனது. கமராவுக்குப் பற்றரி வாங்க நானே அந்தக் கடைக்குப் போனேன், தனியாக. பற்றரி ஒரு சாட்டு. அந்தக் கடைக்காரருக்கு நாலு வார்த்தை கொடுக்காமல் என் மனம் ஆறாது. அவர் சிங்களவர், ஐம்பது வயது இருக்கும். சிங்களத்தில் நன்றாகக் கொடுத்தேன்.

அவர் கோபிக்கவில்லை. "அம்மே, ஏக்க ஹொந்தயி" என்றார். அது நல்ல லென்ஸ்தான் என்று. அந்த நோனா, அதாவது என் மருமகள், கொண்டு வந்தபோது அவருக்கு முன்னாலேயே பூட்டிப் படம் எடுத்துக் காட்டினாராம். ஒரு குறையும் இல்லையாம். "வீட்டில் யார் எடுத்தது என்று கேட்டேன். மாமி, தூரத்தை அளந்து எடுக்கிறவர் என்றார். அப்போதே விளங்கிவிட்டது" என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டியிலிருந்து அதே மாதிரி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

வளையத்தில் இலக்கங்கள் இரண்டு வரிசை. ஒன்று அடி, ஒன்று மீற்றர். என் பழைய லென்ஸில் அடி வெள்ளையில் பெரிதாக இருக்கும், மீற்றர் சிவப்பில் சிறிதாக. இதில் வெள்ளை மீற்றர். அடி செம்மஞ்சளில், பக்கத்தில், சிறிதாக. நான் வெள்ளையைப் பார்த்துப் பழகியவள். ஐந்து அடியில் ஆட்களை நிறுத்திவிட்டு, ஐந்து மீற்றருக்கு, பதினாறு அடிக்கு மேல் தள்ளி, வாழைப்பழச் சீப்பைப் படம் எடுத்திருக்கிறேன். வெயிலில் லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துளை சிறிதாக இருக்கும்போது இந்தப் பிழை மறைந்துவிடுமாம். வீட்டு வெளிச்சத்தில் துளையைப் பெரிதாகத் திறந்தால் காட்டிக்கொடுத்துவிடுமாம்.

"இதை நோனாவுக்கும் சொன்னேனே" என்றார் அவர். "மாமியிடம் வெள்ளை வரிசையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். அவர் லென்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு, அதைச் சொல்ல வேண்டாம், அவருக்கு அளவில் பிழை விட்டோம் என்றால் தாங்காது என்றார்."

நான் பற்றரியை வாங்காமலே வந்துவிட்டேன். பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். எனக்கு அந்த இடத்தில் இருக்கவும் கூசியது.

வீட்டில் ஒருவரும் இல்லை. அலுமாரியைத் திறந்து, அங்குல நாடாவை எடுத்து, கதவிலிருந்து ஐந்து அடி அளந்து நின்றேன். செம்மஞ்சள் ஐந்து. கதவில் உள்ள ஆணித் துளை வரைக்கும் தெரிந்தது. ஐம்பதையும் பூட்டிப் பார்த்தேன். இரண்டையும் நேர்மையாகப் பார்த்தால், ஐம்பது முகத்துக்கு நல்லது. ஓராளை மட்டும் தனியாக எடுத்துத் தரும். வளையம் மெழுகு மாதிரித் திரும்பும். ஆனால் சூரியனுக்கு எதிரே பிடித்தால் படம் வெளிறும், தூக்கினால் கழுத்து நோகும். முப்பத்தைந்து வெளிறாது, பாரமில்லை, பஸ்ஸுக்குள்ளும் எடுக்கலாம், குசினிக்குள்ளும் எடுக்கலாம். நித்தம் கையில் கொண்டு திரிய ஒன்றுதான் என்றால் இதைத்தான் கொண்டு போவேன். அவள் எனக்கு ஏற்றதைத்தான் பார்த்து வாங்கியிருக்கிறாள். என் முதுகு பல்கனிக் கம்பியில் ஒட்டி நின்றதைப் பார்த்து வாங்கியிருக்கிறாள்.

இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று தரம் குசினிக்குள் போனேன். முதல் தரம் மீன் விலையைக் கேட்டேன். இரண்டாம் தரம் உப்புக் கூட என்று சொன்னேன். மூன்றாம் தரம் அவளே, "என்ன மாமி, ஏதும் வேணுமோ?" என்று கேட்டாள். "ஒண்டுமில்ல" என்று வந்துவிட்டேன். செத்துப்போன என் மனுசனிடம்கூட நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தச் சொல்லை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்றே எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு சம்பந்தியம்மா சில நாள் எங்களோடு நிற்க வந்தார். லண்டனிலிருந்து அக்கா வீடியோவில் வந்தாள். பேச்சு சுற்றி அங்கேயே வந்தது. "அந்தப் படம் மட்டும் சரியா வந்திருந்தா பெருசாப் போட்டு மாட்டியிருப்பன். என்ன செய்ய, என்ர தங்கச்சிக்குக் காசுதானே பெருசு" என்றாள் சிரித்துக்கொண்டு. சம்பந்தியம்மாவும், "இவள் சின்னனிலயே அப்பிடி" என்றார். பெற்ற தாய். மருமகள் தட்டுகளை அடுக்கிக்கொண்டு, "ஓமோம், நான் கஞ்சப்பிசினாரிதான்" என்றாள். நான் அங்கேதான் இருந்தேன். வாயில் வடை இருந்தது. வடையை விழுங்கினேன், வார்த்தையையும் விழுங்கினேன்.

அன்றைக்கே பேத்தியின் பழைய கொப்பி ஒன்றை வாங்கி எழுதத் தொடங்கினேன். ஆறு நாள் பிடித்தது. வாயால் வராதது கையால் வருகிறது, அதுவும் நொண்டி நொண்டி.

அந்தப் படத்தில் மூன்று பேரையும் கெடுத்தது நான். லென்ஸ் இல்லை, என் மருமகள் இல்லை. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் நான்.

மகள், இங்க அப்பம்மாட்ட வா. இந்தக் கொப்பியைப் பிடி. எழுத்துப் பிழை இருந்தா அப்பம்மாவுக்குப் பிறகு சொல்லு, இப்ப நிப்பாட்டாத. முதல்ல போனை எடுத்து லண்டன் பெரியம்மாவைக் கூப்பிடு. அம்மம்மாவையும் இந்தக் கதிரைக்கு வரச் சொல்லு. உங்க அம்மாட கையில இருக்கிற வேலையை வாங்கி வச்சிட்டு அவவையும் இருத்து. எல்லாரும் இருந்த பிறகு சத்தமா வாசி. நான் நடுவுல எழும்பிப் போகப் பார்ப்பன். விடாத. கையைப் பிடிச்சு இருத்திட்டு, கடைசி வரைக்கும் வாசி.