ட்ரக்கை ஓட்டப்போவது யார்?

போன வருஷம் மார்ச் மாதம். சிட்னியில் வெயில் கொஞ்சம் தணிந்து, எல்லோரும் ஈஸ்டர் விடுமுறைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கரவன் நின்றது. கட்டில், மேசை, சின்னக் குசினி எல்லாம் உள்ளே இருக்கும். வாகனத்தின் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். ஆனால் அதை இழுக்க எங்களிடம் வாகனம் இல்லை. வாகனம் ஓட்ட எனக்குக் கண்ணும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்த காலத்திலிருந்து லொறி ஓட்டித்தான் பிழைத்தேன். மெல்பேர்ன், பிரிஸ்பேன், அடிலெய்ட் என்று நான் சாமான் இறக்காத ஊர் கிடையாது. ஆனால் மனைவியை எங்கே கூட்டிக்கொண்டு போனாய் என்று கேட்டால் கோயில், கல்யாண வீடு, செத்த வீடு, மெல்பேர்ன் பக்கம் கிரெய்கிபர்னில் இருக்கிற மகள் வீடு, அவ்வளவுதான். வேலையை விட்டதும் இந்த நாட்டை முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன், நடு ஆஸ்திரேலியாவின் செம்மண்ணை இரண்டு பேரும் ஒன்றாகப் பார்ப்போம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கை நம்பி முதலில் கரவனை வாங்கினோம். ட்ரக்கை ஆறுதலாகப் பார்க்கலாம் என்று இருந்தபோதுதான் கண் டாக்டர் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார். குளுக்கோமா. நேரே இருப்பது தெரியும். இரண்டு பக்கப் பார்வையும் ஏற்கனவே போய்விட்டது. மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது, ஆனால் இனி வாகனம் ஓட்டவே கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கரவனை விற்றுவிடுவோம் என்றேன். மனைவி தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "ஏன் விக்கோணும்? நான் ஓடுறன்" என்றாள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளிடம் இருப்பது ஒரு சின்னக் கார். அதில் வேலைக்கும் மரக்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் போய் வருவாள். ஆளும் ஐந்தடிதான்.

"இஞ்சேரும், இது கத்தரிக்காய் வாங்கப் போற கார் இல்லை. பின்னால ஒரு வீட்டை இழுக்கோணும்."

"அப்ப வீட்டை இழுக்கிற வாகனமாப் பாருங்கோ. கண் தெரியேக்கையே எல்லாத்தையும் பாத்திட்டு வருவம்" என்றாள்.

வெறும் கரவனே நல்ல பாரம். அதற்குள் என் மனைவி ஏற்ற நினைத்திருந்த அரிசி மூட்டை, மா, மிளகாய்த் தூள், இடியப்பத் தட்டுகள், பிரஷர் குக்கர்கள், கிரைண்டர் எல்லாவற்றையும் சேர்த்தால் சாதாரண பிக்கப் மூச்சு வாங்கும். அமெரிக்காவில் செய்து இங்கே ஸ்டியரிங் மாற்றிய பெரிய பிக்கப் ட்ரக்தான் சரி, புதிது வாங்க நமக்குக் கட்டாது, பழையதில் நல்லதாகப் பார்ப்போம் என்று தேட ஆரம்பித்தேன். தேடுவது என்றால் எனக்குச் சொல்லித் தர வேண்டுமா? டார்ச் லைட்டோடு அடியில் படுத்து துரு பார்த்தேன். கியர் ஆயிலைத் தொட்டு மணந்து பார்த்தேன். விற்கிறவர்கள் எல்லோரும் என்னோடுதான் பேசினார்கள். மனைவி கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பாள்.

இரண்டு மூன்று வாரம் அலைந்த பிறகு ஒரு பழைய வாகன விற்பனைக் கடையில் கறுப்பு ட்ரக் ஒன்று கண்ணில் பட்டது. அடேயப்பா, அது என்ன உயரம், என்ன மினுக்கம்! எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினதும் தரை அதிர்ந்தது. சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியை எனக்கு ஏற்றபடி திருப்பி வைத்துக்கொண்டேன். இதுதான், வேறு பார்க்க வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டேன். ஓட்டிப் பார்க்க லைசன்ஸைத் தாருங்கள் என்று அந்த விற்பனையாளர் என்னிடம் கை நீட்டினார். நான் மனைவியைக் காட்டினேன். அவர் அவளுடைய லைசன்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். இந்த ட்ரக் பதிவாகியிருக்கிற எடைக்குச் சாதாரண கார் லைசன்ஸ் செல்லாதாம், லொறி லைசன்ஸ் வேண்டுமாம். லொறி லைசன்ஸிலேயே காலத்தை ஓட்டிய எனக்கு இது தெரியாததா? ஆனால் ஞாபகமே வரவில்லை. அது கிடக்கட்டும், அவளுடைய கால் அந்த ட்ரக்கின் படிக்கே எட்டவில்லை. அதையாவது பார்த்திருக்க வேண்டாமா?

திரும்பி வரும்போது தன் சின்னக் காரை ஓட்டிக்கொண்டு மனைவி சொன்னாள்: "நீங்கள் உங்களுக்கெல்லோ ட்ரக் பாக்கிறியள்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்பதை வாய் ஒத்துக்கொண்டதே தவிர மனம் ஒத்துக்கொள்ளவில்லை. கரவனில் ஏற்றுகிற அரிசி மூட்டையோடு மூட்டையாக நானும் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் அன்று இரவு சாப்பாட்டிலும் குறை கண்டுபிடித்தேன்.

அடுத்த விளம்பரத்தை அவளே தேடி எடுத்தாள். பென்ரித்தைத் தாண்டி மலையடிவாரத்தில் குதிரை வளர்க்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் ட்ரக்கை விற்கிறாராம். லைசன்ஸ் விஷயத்தையும் போனிலேயே கேட்டு வைத்திருந்தாள். இதற்குக் கார் லைசன்ஸ் போதும். போய்ப் பார்த்தால் வெயிலில் வெளிறிப் போன வெள்ளை ட்ரக். பின் கதவில் நெளிவு, இருக்கையெல்லாம் நாய் மயிர். எனக்குப் பார்த்தவுடனேயே முகம் சுருங்கிவிட்டது.

அந்த அம்மா சேற்றுச் சப்பாத்தோடு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வணக்கம் சொன்ன கையோடு அவர் கேட்ட முதல் கேள்வி, இந்த ட்ரக்கை ஓட்டப்போவது யார் என்பதுதான். அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. என் மனைவி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கையை உயர்த்தினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எந்த மேட்டில் எஞ்சின் திணறும், எப்போது கியர்பெட்டியைக் கழற்றிப் பூட்டினார், எங்கே எண்ணெய் கசிந்து எப்படித் திருத்தினார் என்று எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னார். விற்கிற பொருளின் குறையைக் கேட்காமலே சொல்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

சொன்னதோடு விடவில்லை. வெறும் ட்ரக்கை ஓட்டிப் பார்த்து வாங்குவது பைத்தியக்காரத்தனம், இழுத்துப் பார்த்தால்தான் விற்பேன் என்று குதிரை ஏற்றுகிற ட்ரெய்லரைப் பின்னால் பூட்டிவிட்டார். குதிரை இல்லாத வெறும் ட்ரெய்லர்தான். மனைவி படியில் கால் வைத்துச் சுலபமாக ஏறினாள். இருக்கையை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, காணிக்குள் இருந்த சரளைக்கல் போட்ட கிரவல் பாதையில் அந்த அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினாள். நான் பின் இருக்கையில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுற்றி வந்ததும் கொட்டகையின் இரண்டு தூணுக்கு நடுவே ட்ரெய்லரைப் பின்னோக்கி விடச் சொன்னார் அந்த அம்மா.

நான் பதறி இறங்கிவிட்டேன். ட்ரெய்லரைப் பின்னோக்கி எடுப்பது லேசான காரியம் இல்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அது மற்றப் பக்கம் போகும். லொறி பழக வந்த நல்ல நல்ல ஆம்பிளைகள் இதில் மாதக்கணக்காகத் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு இதுதான் முதல் தடவை, வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் அந்த அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன்.

மனைவி ஜன்னலால் தலையை நீட்டினாள். "கொஞ்சம் பேசாம இருங்கோப்பா. பின்னுக்குப் போய், கண்ணாடியில எனக்குத் தெரியிற மாதிரி நில்லுங்கோ."

போய் நின்றேன். அவள் ஸ்டியரிங்கின் அடியில் ஒரு கையை வைத்து, அவசரப்படாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வந்தாள். ஒரு தடவை கோணிக்கொண்டு போனது. நிறுத்தி, முன்னுக்கு இழுத்து நேராக்கி, மறுபடி வந்தாள். தூணில் உரசாமல் ட்ரெய்லர் கொட்டகைக்குள் போய் நின்றது. அந்த அம்மா இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார்.

"இது எங்க பழகினீர்?" என்று கேட்டேன்.

"வேலையிலதான். லினன் வண்டில் இழுக்கிறனானெல்லோ!"

என் மனைவி ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை செய்கிறாள். அது எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷமும் அவள் அங்கே படுக்கை விரிப்பு மடிக்கிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் செய்வது, பாட்டரியில் ஓடுகிற சின்ன இழுவை வண்டியின் பின்னால் துணி நிறைந்த வண்டிலைப் பூட்டி, நிலத்தடி நடைபாதைகளில் ஓட்டிக்கொண்டு போய், வருகிற போகிற கட்டில்களில் இடிக்காமல் லிஃப்டுக்குள் பின்னோக்கி விடுவதாம். தினமும் அதுதானாம்.

"எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே?"

"நீங்கள் வந்த உடனே ரோட்டுக் கதை தொடங்கிடுவியள். எனக்கு அதைக் கேக்க விருப்பம்" என்று சிரித்தாள். சிரித்தது உண்மையாகவே சந்தோஷமாகத்தான். எனக்குத்தான் அந்த இடத்திலேயே அவளைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

அந்த ட்ரக்கையே வாங்கினோம். நெளிவோடும் நாய் மயிரோடும்தான். அந்த அம்மா சாவியைக் கொடுப்பதற்கு முன் கொக்கியையும் சங்கிலியையும் மனைவியையே பூட்டச் சொல்லி, கழற்றச் சொல்லி, மறுபடி பூட்டச் சொன்னார். பிறகு ஒருநாள் தன் வேலையை விட்டுவிட்டு வந்து, கரவனைச் சாமானோடு நிறுக்கவும் துணைக்கு நின்றார். நிறுத்துப் பார்த்ததில் பாரம் கூடிப்போனதால் அரிசி மூட்டையும் கிரைண்டரும் வீட்டிலேயே நின்றுவிட்டன. யாரோ எவரோ, இனி நம்மைக் காணப்போவதும் இல்லை. விற்றோம், காசு வந்தது என்று போயிருக்கலாமே. பத்திரமாகப் போய்ச் சேருவோமா என்று அவருக்கு என்ன கவலை?

கோயிலில் பூசை செய்தோம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஐயர் சாவியை என்னிடம் நீட்டி, "ஏறுங்கோ" என்றார். நான் சாவியை வாங்கி மனைவியின் கையில் கொடுத்தேன். ஐயர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பழங்களை நசித்துக்கொண்டு போனாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வந்த பெருமை, புது லொறி வாங்கியிருந்தாலும் வந்திருக்காது.

முதல் பயணம் கிரெய்கிபர்னுக்கு, மகள் வீட்டுக்கு. குளிர்காலத்தில் செம்மண்ணுக்கும் போனோம். அந்தியில் அந்த மண் சிவந்து கிடந்ததை இருட்டும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கரவனைப் பின்னோக்கி நிறுத்துகிற இடமெல்லாம் கண்ணாடியில் அவளுக்குத் தெரிகிற மாதிரி நிற்பது என் வேலை. அந்த வேலையை நான் ஒருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஆனால் மனதில் நிற்பது வேறொன்று. நான் ஓட்டிய காலத்தில் மனைவி பக்கத்தில் இருப்பது கடைக்கண்ணில் தெரியும். அது போதும் என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவேன். இப்போது எனக்குக் கடைக்கண் பார்வை இல்லை. அவளைப் பார்க்க வேண்டும் என்றால் முகத்தை முழுசாகத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"என்ன பாக்கிறியள்? ரோட்டைப் பாருங்கோவன்" என்றாள்.

"ரோட்டை நீர் பாரும்" என்றேன்.

கண் தெரியும்போதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று புறப்பட்டவன் நான். இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தவளை முழுசாகப் பார்க்கத் தொடங்கியது அந்த நெளிந்த ட்ரக்கின் பக்கத்து இருக்கையில் இருந்துதான்.