ஐந்தாவது போத்தல்

ஒரு சொட்டைச் சுட்டுவிரலில் எடுத்துப் பெருவிரலால் தேய்க்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பிறகு மூக்கடிக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆனந்தராஜா எந்த எண்ணெயையும் இப்படித்தான் விசாரிப்பார். என்ஜின் ஒயில், பிரேக் ஒயில், மனைவி உதயகுமாரி கடையில் வாங்கிவரும் நல்லெண்ணெய், மகள் கம்சிகா தலைக்கு வைக்கும் ஏதோ ஒரு விலைகூடிய தைலம், எதுவும் அவரிடம் தப்பாது. "கண் ஏமாத்தும். போத்தலிலை எழுதியிருக்கிறதும் ஏமாத்தும். மூக்கு ஏமாத்தாது" என்பார். இதைச் சொல்லும்போது அந்த மூக்கை ஒருமுறை தடவிக்கொள்வதும் உண்டு.

தொழில், ஒஸ்லோ நகரில் மின்சார பஸ் ஓட்டுவது. கியரும் இல்லை, மாற்றுவதற்குக் கியர் ஒயிலும் இல்லை. முடுக்கினால் போகிறது, விட்டால் நிற்கிறது. அந்த பஸ்மேல் அவருக்கு மரியாதை உண்டு, பாசம் இல்லை. பாசத்தையெல்லாம் லோறென்ஸ்கூக்கில் உள்ள தன் வரிசைவீட்டின் கராஜுக்காகச் சேமித்து வைத்திருக்கிறார். அங்கே ஒரு தட்டு முழுக்க வெறும் சமையல் எண்ணெய்ப் போத்தல்கள். எல்லாம் ஒரு லீற்றர், எல்லாம் லேபிளை ஊறவைத்து உரித்துக் கழுவிக் காயவைத்தவை. கழிவு ஒயிலை அளக்க அதைவிடச் சிறந்த பாத்திரம் உலகத்தில் இல்லை என்பது அவருடைய முடிவு. காருக்கடியில் படுக்கும்போது அணிவது, முன்பு நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் ஆலையில் வேலை செய்த காலத்து நீல மேலங்கி. அதில் மீன் வாசம் துளியும் இல்லை என்று அவருடைய மூக்கு சாதிக்கிறது. வீட்டில் மற்ற இருவருக்கும் வேறு கருத்து.

கம்சிகா குரோருட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதி. சொந்த உழைப்பில் முதல்முதலாக ஒரு கார் வாங்கினாள். பழைய கார்தான், தானாகவே மாறும் ஓட்டோ கியர். கியர் ஒயிலை ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை என்று விற்றவன் சொன்னதை அவள் வந்து ஒப்புவித்தபோது, ஆனந்தராஜா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆயுளுக்குமோ? ஆரின்ரை ஆயுளுக்கு? காரின்ரையோ, வித்தவன்ரையோ?"

அவர் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஹம்மர்பெஸ்டில் அவர் வாங்கிய முதல் காரும் ஓட்டோ கியர். முன்பிருந்தவர் ஒயில் மாற்றியதே இல்லை. பனிக்காலத்தில் ஒரு நாள் ஆளில்லாத வீதியில் கியர் செத்துப்போய், பனி தள்ளும் வண்டி வரும்வரை அவரும் உதயகுமாரியும் ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு இருந்தார்கள். மகள் விடியமுன் தனியே வேலைக்குப் போகிறவள். அவளுக்கும் அப்படி ஒன்று நடந்துவிடக்கூடாது.

கம்சிகாவுக்குப் பயம் வேறுபக்கத்தில் இருந்தது. "அப்பா, ஹெல்ட் ஆர்லி, உண்மையாச் சொல்லுறன். உடுப்புத் தோய்க்கிற மெசினை நீங்கள் திருத்தினாப்பிறகு அது நடந்து கதவடிக்கு வந்தது. இது என்ரை முதல் கார். திங்கள் விடிய எனக்கு வேலை. இதைப் பழுதாக்கினீங்கள் எண்டால் இனி ஒரு பல்ப் கூட உங்களை மாத்த விடமாட்டன்." சொல்லிவிட்டு, சனிக்கிழமை காலை, சாவியைக் கொடுக்கத்தான் செய்தாள். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பார்த்து ஆனந்தராஜாவுக்குத் தடிமன். ஏப்ரல் மாதம், வீதியோரத்துப் பனி கறுத்துக் கரைகிற காலம், பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் தும்முகிற காலம். ஒரு நாளும் விடுப்பெடுக்காத மூக்கு அன்றைக்கு முழு விடுப்பில் நின்றது. பக்கத்துச் சமையலறையில் உதயகுமாரி, மகளின் காருக்காக நேர்ந்த வைரவர் வடைமாலைக்காக வடை பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசம்கூட அவரை எட்டவில்லை.

இரண்டு இரும்புச் சரிவுகளில் முன்சில்லுகளை ஏற்றினார். அடியில் புகுந்து போல்ட்டைக் கழற்றினார். சிவப்பாக இருக்கவேண்டிய ஒயில், கருப்பட்டிப் பாகு நிறத்தில் ஊற்றியது. "ஆயுளுக்குமாம்" என்று காருக்கடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. இந்தக் காரில் கியர் ஒயில் அளவு பார்க்கக் கோல் கிடையாது. சமதரையில் நிறுத்தி, சரியான சூட்டில் அடியிலுள்ள துவாரத்தைத் திறந்து பார்க்கவேண்டும். சரிவில் மூக்கை நிமிர்த்தி நிற்கிற காரில் அது நடவாது. ஆகவே அவர் கணக்கு ஒன்றுதான்: எவ்வளவு வந்ததோ அவ்வளவு போகவேண்டும். வந்த ஒயிலைப் புனல் வைத்துப் போத்தல்களில் நிரப்பிச் சுவரோரம் நிறுத்தினார். இடையில் மிளகுத் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார். திரும்பி வந்து எண்ணினார். ஐந்து போத்தல். புது ஒயில் ஐந்து லீற்றர் உள்ளே போனது.

பரீட்சை ஓட்டம் கடைச்சந்திவரை அருமையாக இருந்தது. அவர் விசிலடிக்கக்கூடத் தொடங்கினார். திரும்பி வரும் ஏற்றத்தில் கார் ஒருமுறை உதறியது. பிறகு என்ஜின் கூச்சல் போட்டது, கார் நகரவில்லை. மிதிக்க மிதிக்கக் கூச்சல்தான் கூடியது. பின்னால் வந்த நோர்வேக்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை. பொறுமையாகக் காத்துநின்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஆனந்தராஜாவுக்கு இருந்தது. கொஞ்சம் ஆறவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து எப்படியோ கராஜுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்.

கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தார். மேலங்கியைக் கழற்றவும் மனமில்லை. கியர் பொக்ஸ் போய்விட்டது, அவர் கையால் போய்விட்டது. மகளுக்கு என்ன சொல்வது என்று வசனம் அடுக்கிப் பார்த்தார். "பிள்ளை, ஒரு சின்னப் பிரச்சினை" என்று தொடங்கினால் அவள் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். கத்தமாட்டாள். 'எனக்குத் தெரியும்' என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைக்கத்தான் அவரால் முடியவில்லை.

சமையலறைப் பக்கக் கதவு திறந்தது. கையில் எண்ணெய்த் துணியோடு உதயகுமாரி நின்றாள்.

"இஞ்சருங்கோ, உங்கடை கழிவோடை நிக்கிற என்ரை போத்தலை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

"எந்தப் போத்தல்?"

"உந்தக் கடைசியிலை நிக்கிறது. வடை பொரிச்ச எண்ணெய். கழிவு குடுக்கிற இடத்திலை குடுப்பம் எண்டு ஆறவிட்டு, நீங்கள் தேத்தண்ணி குடிக்கேக்கை சுவரோரம் ஊத்தி வைச்சனான். உங்கடை தட்டிலைதான் போத்தல் எடுத்தனான், வேறை எங்கை எடுக்கிறது?"

ஆனந்தராஜா எழுந்தார். அந்தப் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதே மண்ணிறம். மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தார். ஒன்றும் இல்லை.

"விசரோ உங்களுக்கு? உழுந்தும் மிளகும் ஊரெல்லாம் மணக்குது!"

"எனக்கு மணக்கேல்லையப்பா" என்றார். வாழ்க்கையில் முதல்தடவை அப்படிச் சொன்னார்.

பிறகு நின்றபடியே விரலால் எண்ணினார். அவருடையது நாலு. வைரவருடையது ஒன்று. ஒரு லீற்றர் கூடப் போயிருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய ஒயில் உள்ளே அடிபட்டு நுரைத்திருக்கிறது. நுரையை நம்பிக் கியர் எப்படிப் பிடிக்கும்? கியர் பொக்ஸ் சாகவில்லை. அளவுக்குமேல் குடித்துவிட்டுத் தள்ளாடியிருக்கிறது, அவ்வளவுதான். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது அவருக்கு. சிரித்தார், சிரித்த சிரிப்பில் இருமல் வந்தது, இருமி முடித்து மறுபடியும் சிரித்தார். "உமக்குக் கோயில் கட்டவேணும்" என்றார்.

"கோயில் பிறகு கட்டலாம். முதல் அந்தக் கையைக் கழுவிப்போட்டு வந்து வடையைக் கோத்துத் தாங்கோ."

அவர் வடை கோத்துக் கொடுத்தார். அதற்குள் நுரை அடங்கியிருந்தது. காரை மறுபடி சரிவில் ஏற்றி, அடியில் புகுந்து, ஒரு போத்தல் நிறையச் சிவப்பு ஒயிலைத் திருப்பி எடுத்தார். இந்தமுறை உதயகுமாரி பக்கத்தில் நின்றாள். போத்தலுக்குப் பொறுப்பு அவள்.

பின்னேரம் கம்சிகா வந்தாள். ஒன்றும் சொல்லாமல் விடலாமோ என்று தகப்பன் யோசித்து முடிக்குமுன் தாய் முழுக்கதையும் சொல்லிவிட்டாள். கம்சிகா சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் ஏறுங்கோ" என்றாள். அதே ஏற்றம். ஆனந்தராஜா பின்சீட்டில் இருந்து முன்சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கார் ஒரு உதறலும் இல்லாமல் உச்சிவரை ஏறியது.

"அப்பா" என்றாள் அவள், கண்ணாடியில் அவரைப் பார்த்து. "கியர் மாறுறதே தெரியேல்லை."

அவர் பிடியைத் தளர்த்தினார். தன் தோள்கள் காதுவரை ஏறியிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கம்சிகா அப்போதுதான் சிரிக்கத் தொடங்கினாள். வைரவருக்குச் சுட்ட வடை எண்ணெயைக் கியர் ஒயிலென்று எண்ணிய கதையை முதியோர் இல்லத்தில் எப்படி நோர்வேஜிய மொழியில் சொல்வது என்று யோசித்து, சொல்லிப் பார்த்து, வீடு வரும்வரை சிரித்தாள்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் ஆனந்தராஜா கடதாசிப் பெட்டியை விரித்துக்கொண்டு காருக்கடியில் நுழைந்தார். போல்ட் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்; பார்க்காமல் அவருக்கு இரவு நித்திரை வராது. தடவினார். விரலில் ஈரம் பட்டது. வீதியில் உருகும் பனித்தண்ணீரா, ஒயிலா? பெருவிரலால் தேய்த்தார். பழக்கத்தில் விரல் மூக்குவரை வந்தது. வந்து, நின்றது.

காருக்கடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. அதில் ஒற்றை விரல் நிமிர்ந்து நின்றது.

"ஆராவது ஒருக்கா மணந்து சொல்லுங்கோ."

கம்சிகா ஈர நிலத்தில் முழங்காலை ஊன்றிக் குனிந்தாள்.